பிரேசிலுக்கு இடது பக்கம்

தம்பி, நீங்க ஜன்னல் பக்கம் போயிருங்க, நான் இந்தப் பக்கம் வந்துருதேன். காத்து பிடிக்காதுன்னு இல்ல. எனக்க இடது பக்கத்துல வேற ஆள் உக்காரக்கூடாது, அவ்வளவுதான். நடுவுல நிக்கவங்க கணக்குல வரமாட்டாவ, உக்காந்தாத்தான் கணக்கு. சும்மா கெடைக்க ஜன்னல் சீட்டு, எதுக்கு இவ்வளவு யோசிக்கிய? கொளச்சல் வரைக்குமா? நான் அதுக்கு முந்தியே எறங்கிருவேன்.

மஞ்சச் சட்டையைப் பாத்துட்டு எங்கயோ பாதயாத்திரை போறேன்னு நெனச்சியளா? கண்டக்டரும் அப்படித்தான் கேட்டான். "எந்தக் கோயிலுக்கு அண்ணாச்சி?"ன்னான். கோயில் இல்லடே, பிரேசில்னு சொன்னேன். டிக்கெட்டைக் கையில தந்துட்டு, "அவிய போன வாரமே வீட்டுக்குப் போயிட்டாவளே"ன்னு சொல்லிட்டுப் போறான். ஒரு அரசாங்க ஊழியன் பேசுத பேச்சா இது?

போயிட்டாவதான், நான் இல்லங்கல. ஆனா இன்னைக்கு பைனலு, அர்ஜெண்டினாவும் பிரான்சும். நான் அதுக்குத்தான் போறேன். பாக்கப் போறேன்னு சொல்லமுடியாது, அர்ஜெண்டினாவைத் தோக்கடிக்கப் போறேன். சிரிக்காதிய தம்பி. எப்படின்னு சொல்லுதேன், கடைசில நீங்களே சரின்னு சொல்லுவிய.

எனக்க பேரு கிளீட்டஸ். மீன்பிடி வள்ளத்துல மாட்டுத எஞ்சின் இருக்குல்லா, அதுக்கு மெக்கானிக்கு. எங்க கடற்கரை ஊருல மொத்தம் ரெண்டு கட்சிதான். நீங்க நெனைக்கிற கட்சி இல்ல. ஒண்ணு பிரேசில், இன்னொண்ணு அர்ஜெண்டினா. எலெக்சனுக்கு ஒரே வீட்டுல நாலு பேரு நாலு சின்னத்துல குத்துவான், யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. ஆனா உலகக்கோப்பை வந்துட்டுன்னா ஒரு வீட்டுக்கு ஒரு கொடிதான். அர்ஜெண்டினாக்காரன் போப்பாண்டவர் எங்க ஆளுன்னு சொல்லுவான். போப்பாண்டவர் எல்லாருக்கும் பொதுன்னு நாங்க சொல்லுவோம். கோயில் திருவிழாவுக்கு ஏத்துத வத்திக்கான் கொடி மஞ்சளும் வெள்ளையும். மஞ்சள் எங்களுக்கு, வெள்ளை அவியளுக்குன்னு ஒரு சாமியாரு சமாதானம் பேசிவிட்டாரு. அதுலயும் கம்பத்துப் பக்கம் மஞ்சள்தான் இருக்கும், நீங்க வேணும்னா பாத்துக்கிடுங்க.

நான் பிரேசிலுக்கு ஆளானது கோயில் ஹாலுல இருந்த கறுப்பு வெள்ளை டிவியில. ஒரு கூட்டம் பந்தைக் காலுல வச்சுக்கிட்டு கல்யாண வீட்டுக்குப் போறவன் மாதிரி சிரிச்சுக்கிட்டே ஓடுது. அம்புட்டுதான், எனக்குப் பிடிச்சுப்போச்சு. சட்டை மஞ்சள்னு பொறவுதான் தெரியும். அதுவரைக்கும் சாம்பல் கலருன்னு நெனச்சிருந்தேன். கலரைப் பாத்து வாற ரசிகன் இல்ல நான்.

இப்பம் விசயத்துக்கு வாறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெர்லின். ரெண்டாயிரத்து ரெண்டு பைனலு அன்னைக்கு அவ சின்னப் பிள்ளை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பிரேசிலும் ஜெர்மனியும். வீடு நெறைய ஆளு. மொத பாதில ஒண்ணும் நடக்கல. ரெண்டாவது பாதி தொடங்கையில இவ கையில ஒரு துண்டு மரச்சீனிக் கெழங்கோட எங்கேயோ இருந்து வந்தா. வந்து எனக்க இடது பக்கத்துல ஒட்டி உக்காந்தா. உக்காந்தாளா, கொஞ்ச நேரத்துல ஒரு கோலு. நான் அசையல. அவளையும் அசையவிடல. கெழங்கு தீந்துபோச்சு, எந்திரிக்கணும்னு சொன்னா. அசையாத மக்ளேன்னு பிடிச்சு வச்சிக்கிட்டேன். இன்னொரு கோலு. கப்பு எங்களுக்கு.

நான் மெக்கானிக்கு தம்பி. ஓடுத எஞ்சின்ல ஒரு நட்டைக்கூட தொடமாட்டேன், அது எனக்க பழக்கம். எந்தத் துருப்பிடிச்ச நட்டு எதைத் தாங்கிக்கிட்டு நிக்கோ, யாருக்குத் தெரியும்? அன்னையில இருந்து பிரேசில் ஆடுச்சின்னா எனக்க இடது பக்கத்துல ஜெர்லின். அது சட்டம்.

பொறவு ஜெயிச்சுதான்னு கேக்கப்போறிய. கேளுங்க. அடுத்த தடவை அவ பாதியில தூங்கிட்டா, தூங்குனா கணக்குல சேராது. அதுக்கு அடுத்து நெதர்லாண்டு கூட ஆடுனப்பம் மொத பாதில நாங்கதான் முன்னால. அவ தண்ணி குடிக்க அடுக்களைக்குப் போனா, அந்த நேரம் பாத்து ஒண்ணு விழுந்துட்டு. பொறவு நல்லா இறுக்கிப் பிடிச்சு உக்காரவச்சேன், ஆனா பழுது வந்தது வந்ததுதானே. அடுத்தது ஜெர்மனி ஏழு கோலு போட்டது. அதைப் பத்தி பஸ்ல பேசண்டாம். பொறவு பெல்ஜியம். அப்பம் அவ கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்கா. வீடியோ கால்ல கூப்பிட்டு போனை எனக்க இடது பக்கத்துல தலகாணில சாச்சு வச்சேன். போன்ல சார்ஜ் போயிட்டு. ஆக ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் உண்டு. எஞ்சின்ல குத்தம் இல்ல, அதை நல்லா கவனிச்சுக்கிடுங்க.

அப்படியிருக்கையிலதான் இந்த வருசம் அவளுக்குச் சம்மந்தம் வந்துது. பையன் பேரு ஆல்ட்ரின். அப்பா இல்ல, அம்மா மட்டும், ரோணிக்கம்மான்னு பேரு. கத்தார்ல வேலை. குடியில்ல, பீடியில்ல, கொள்ளாம். ஒரே ஒரு குறை, வீட்டுல நீலக் கொடி. அர்ஜெண்டினா. நான் அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் தம்பி. நான் வெறி பிடிச்சவன் கெடையாது. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கல்யாணத்தை ஜனவரியில வைங்கன்னு. உலகக்கோப்பை கழியட்டும். பிள்ளை எனக்க பக்கத்துல இருந்துட்டுப் போகட்டும்.

அவனுக்கு லீவு டிசம்பர் பத்தாம் தேதியோட முடியுது. போட்டி நடக்கதுனால கம்பெனியில வேலையை நிறுத்திவச்சிட்டு அந்த ஒரு மாசம்தான் ஊருக்கு விட்டிருக்கான். இதுல ஒண்ணு பாத்தியளா? உலகக்கோப்பை நடக்குத ஊர்லயே இருக்கான். அவனுக்க டீம் அவன் தங்கியிருக்க எடத்துக்குப் பக்கத்துல வந்து ஆடுது. அதை விட்டுட்டு கல்யாணம் கட்டதுக்கு பிளேன் ஏறி இங்க வாறான். நானா இருந்தா கல்யாணத்தை அங்க வச்சிருப்பேன். அப்பமே தெக்கிளாகிட்ட சொன்னேன், தெக்கிளா எனக்க வீட்டுக்காரி, இவன் ஆள் நல்லவன், ஆனா ரசிகன் இல்லன்னு. அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா.

லீவு கழிஞ்சு வச்சாலும் ஆகாது, இடையில வச்சாலும் ஆகாது. எங்க வேதத்துல கிறிஸ்மசுக்கு முந்தி நாலு வாரம் திருவருகைக்காலம், அந்த நாள்ல கல்யாணம் நடத்தமாட்டாவ. அப்பம் அதுக்கு முந்தி வைக்கணும். முந்தின்னா உலகக்கோப்பை தொடங்குன மறுநாள். நான் பாதரைப் போய்ப் பாத்தேன். கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிப்பாவ, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு. ஒரு தடை உண்டு பாதர்ன்னேன். பயந்துட்டாரு. "என்ன தடை?"ன்னாரு. "மாப்பிள்ளை அர்ஜெண்டினா"ன்னேன்.

"அது திருச்சபைச் சட்டத்துல தடை இல்ல கிளீட்டஸ்"ன்னாரு.

"சட்டத்துல சேக்கணும்"ன்னேன். சாயா வாங்கித் தந்து அனுப்பிவிட்டாரு.

கல்யாணம் நடந்துது. மாப்பிள்ளை வீட்டுல இருந்து மந்திரகோடி கொண்டு வந்தாவ, தாலி கட்டுனபொறவு பொண்ணுக்குப் போத்துத சேலை. தொறந்து பாத்தா இளநீலம், வெள்ளைக் கரை. எனக்குப் புரியாமலா? ஊருக்கு முன்னால எனக்க மவளுக்கு அர்ஜெண்டினாக் கொடியைச் சுத்துதான். நான் எந்திரிக்கப் போனேன், தெக்கிளா வேட்டியைப் பிடிச்சு இழுத்து உக்காரவச்சா. பொறவு பாத்தேன். அந்தச் சேலைல எனக்க மவ மாதா சுரூபம் மாதிரி இருந்தா. மாதாவுக்க உடுப்பும் நீலமும் வெள்ளையும்தானே. அதுல நான் ஒண்ணும் குறை சொல்லமுடியாது. பந்தல் முழுக்க நான் மஞ்சளும் பச்சையுமா துணி கட்டியிருந்தேன், அது வேற விசயம்.

மறுநாள் மத்தியானம் அர்ஜெண்டினா சவுதி அரேபியாகிட்ட தோத்துட்டு. உலகமே வாயைப் பொளந்துட்டு. எங்க தெருவுல வெடி. நானும் ஒண்ணு கொளுத்துனேன். கொளுத்திக்கிட்டிருக்கையிலதான் சுருக்குன்னு ஒண்ணு தோணிச்சு. நேத்து இந்தப் பிள்ளை அந்த வீட்டுல காலு வச்சா, இன்னைக்கு அந்த டீம் தோத்துட்டு. மருமவ வந்த நேரம்னு ஏதாவது சொல்லிட்டாவன்னா? வெடியை அப்படியே போட்டுட்டு போன் போட்டேன். ரோணிக்கம்மாதான் எடுத்தாவ. நான் சுத்தி வளைச்சு, சம்மந்தியம்மா, பிள்ளைமேல தப்பு ஒண்ணும் இல்ல, அவ எப்பமும் இடது பக்கம் உக்காந்து பழகினவ, நீங்க ஒருவேளை வலது பக்கம் உக்காரவச்சிருப்பிய, அதுல வந்த கோளாறா இருக்கும்னு சொன்னேன்.

அவிய நான் சொன்னதை முழுசும் கேட்டாவ. பொறவு, "பிள்ளை வந்ததுக்கும் பந்துக்கும் என்ன சம்மந்தம்? அவ இங்க மீன் பொரிச்சுக்கிட்டு இருக்கா. பேசுதியளா?"ன்னாவ.

பாத்தியளா? டீம் தோத்திருக்கு, அந்த வீட்டுல மீன் பொரிக்காவ. இவியளை ரசிகர்னு எப்படிச் சொல்ல? போனை வச்சபொறவு எனக்கு நிம்மதியா இருந்துது, அதையும் சொல்லணும்.

இனி பிரேசில் ஆட்டத்துக்கு வாறேன். மொத ஆட்டம் அவ இல்லாமலே ஜெயிச்சோம். அது செர்பியா, கணக்குல வராது. ரெண்டாவது ஆட்டம் சுவிட்சர்லாண்டு, அன்னைக்கு மறுவீட்டு விருந்து வச்சேன். மறுவீடு எப்பம் வைக்கணும்னு அவிய வீட்டுல கேட்டாவ, நான் தேதியை உடனே சொல்லிட்டேன். என்ன நல்ல நாளுன்னு யாரும் கேக்கல. கறி, மீன், பாயாசம், எல்லாம் கழிஞ்சு கெளம்புதோம்னாவ. இருங்க, ஒரு சாயா. சாயா குடிச்சு கெளம்புதோம்னாவ. இருங்க, ஒரு சின்ன ஜெபம். அப்படியே பிடிச்சு வச்சு இடது பக்கத்துல உக்காரவச்சுட்டேன். ஒண்ணுக்கு சைபர், ஜெயிச்சோம். அடுத்தது கேமரூன், அவ வரல, தோத்துட்டோம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கொரியாவை அவ இல்லாம ஜெயிச்சோம், அதுக்கு நான் ஒருத்தன் போதும்.

ஆனா கால் இறுதி வந்துது, குரோஷியா. அன்னைக்குத்தான் மாப்பிள்ளை கத்தாருக்குத் திரும்பிப் போகுததுக்கு முந்தின நாளு. விடியக்காலம் திருவனந்தபுரத்துல பிளேன். ஜெர்லினை இங்க அனுப்பமுடியாது. புருசன் வெளிநாட்டுக்குப் போகையில பொண்டாட்டியை அப்பா வீட்டுக்குப் பந்து பாக்க அனுப்புங்கன்னு கேக்க முடியுமா? நான் கேட்டேன். தெக்கிளா கையில இருந்து போனைப் பிடுங்கிட்டா.

அப்பம் நானே போனேன். சும்மா போகல. மாப்பிள்ளை கொண்டுபோகட்டும்னு நெத்திலிக் கருவாடு வறுத்தது, ஊறுகாய், எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். உள்ள பனியன் மாதிரி இந்த மஞ்சச் சட்டை, மேல வெள்ளைச் சட்டை. வாசல்ல ஒரு பெரிய நீலக் கொடி, அதைக் குனிஞ்சு தாண்டித்தான் உள்ள போகணும். கண்ணை மூடிக்கிட்டு தாண்டுனேன். வீடு முழுக்க வழியனுப்ப வந்த சொந்தக்காரங்க. அத்தனை பேரும் அர்ஜெண்டினா. மாமாவுக்கு எடம் குடுங்கன்னு டிவிக்கு முன்னால ஒரு நல்ல நாற்காலியைப் போட்டுத் தந்தாவ. அதுல குறையில்ல, மரியாதை தெரிஞ்ச ஆளுவ.

ஆட்டம் தொடங்கிட்டு. ஜெர்லின் பக்கத்துல இல்ல. அவ உள்ள அட்டைப்பெட்டி கட்டுதா. கருவாட்டை மூணு பிளாஸ்டிக் பைல சுத்துதா, பெட்டியில கயிறு போடுதா, அவனுக்க பேரை எழுதுதா. மக்ளே, செத்த நேரம் வந்து இருந்துட்டுப் போன்னு கூப்பிட்டேன். "இன்னா வாறேம்பா"ன்னா. வரல. பாதி ஆட்டம் முடிஞ்சுது, கோலு இல்ல. எப்படி விழும்? இடது பக்கம் காலியால்லா கெடக்கு. திரும்பவும் கூப்பிட்டேன். இன்னா வாறேம்பா. முழு ஆட்டமும் முடிஞ்சுது, கோலு இல்ல. நான் எந்திரிச்சுப் போய் உள்ள எட்டிப் பாத்தேன். ரெண்டு பேரும் தரையில உக்காந்து பெட்டிக்கு ரெண்டு பக்கமும் கயிறைப் பிடிச்சுக்கிட்டு இருக்காவ. கயிறு எப்பமோ கட்டி முடிஞ்சாச்சு. சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்காவ. நான் பைய திரும்பி வந்துட்டேன்.

கூடுதல் நேரம் தொடங்குச்சு. அப்பம் மாப்பிள்ளை வெளிய வந்து என்னையப் பாத்தான், டிவியைப் பாத்தான், எனக்குப் பக்கத்துல இருந்த நாற்காலியைப் பாத்தான். அதுல நான் துண்டு போட்டு வச்சிருந்தேன். உள்ள திரும்பி, "ஜெர்லின், நீ போய் மாமா பக்கத்துல இரு. மீதியை நான் பாத்துக்கிடுதேன்"ன்னான்.

அவ வந்து இடது பக்கத்துல உக்காந்தா தம்பி. உக்காந்த கொஞ்ச நேரத்துல கோலு. பிரேசில் கோலு. நான் மேல்சட்டை பட்டனைப் பிச்சு மஞ்சளைக் காட்டிட்டேன். அத்தனை அர்ஜெண்டினாக்காரனுக்கு நடுவுல. அவனுவளே கைதட்டுனானுவ. பாத்தியா மக்ளே, நான் சொன்னேன்லா, நீ அசையாதன்னேன். அவ எனக்க கையைப் பிடிச்சிருந்தா. அசையல. சத்தியமா அசையல. ஒரு வெரலைக்கூட அசைக்கல. ஆட்டம் முடியப்போகுத நேரத்துல குரோஷியாக்காரன் சமன் பண்ணிட்டான். பெனால்ட்டி. அப்பமும் அசையல. தோத்துட்டோம்.

அழுதுட்டேன். சொல்லுததுக்கு என்ன வெக்கம். சம்மந்தி வீட்டுல நடு ஹாலுல தேம்பித் தேம்பி அழுதேன். எத்தனை தோல்வி பாத்திருக்கேன், ஏழு கோலைப் பாத்திருக்கேன், அன்னைக்கெல்லாம் டிவியைத் திட்டிட்டுப் படுத்துருவேன். அன்னைக்கு என்னமோ நிறுத்த முடியல. பக்கத்துல பாத்தா அவளும் அழுதா. அவ பிரேசிலுக்காக ஒருநாளும் அழுதது இல்ல, அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆச்சரியம்.

ரோணிக்கம்மா தண்ணி கொண்டுவந்து தந்தாவ. சுத்தி நின்ன பொம்பளைங்ககிட்ட, "மவளை நெனச்சு அழுதாவ, கொஞ்சம் காத்து விடுங்க"ன்னாவ.

எனக்கு வந்துது கோவம். "நான் பந்துக்கு அழுதேன் சம்மந்தியம்மா"ன்னேன்.

"செரி, பந்துக்கே அழுங்க"ன்னாவ. பொறவு பக்கத்துல உக்காந்து பைய சொன்னாவ, "நாளைக்கு ஆல்ட்ரின் போனபொறவு பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போங்க. நாலு நாள் வச்சுக்கிட்டு அனுப்புங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்"னு.

நான் ஜெர்லினைப் பாத்தேன். வந்துருவான்னுதான் நெனச்சேன். அவ கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "இல்லப்பா, அவங்களும் போயிட்டா அத்தை தனியால்லா இருப்பாவ. கிறிஸ்மசுக்கு அத்தையையும் கூட்டிக்கிட்டு வாறேன்"ன்னா.

சரியான பேச்சுத்தான் தம்பி. அப்படித்தான் பேசணும்னு வளத்தோம். ஆனா கேட்டப்பம் திரும்பவும் துண்டைத் தேடவேண்டி வந்துட்டு. பிரேசில் தோத்த அதிர்ச்சி அப்பமும் போகல பாத்துக்கிடுங்க.

வீட்டுக்கு வந்து தெக்கிளாகிட்ட சொன்னேன். அசையவே இல்லடி, எல்லாம் முறைப்படி நடந்துது, எஞ்சின்ல என்ன கோளாறுன்னே தெரியல. அவ அடுப்புல இருந்து திரும்பாம ஒரு கேள்வி கேட்டா. "இருபது வருசமா ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்லயா நட்டைத் தொடாம வச்சிருக்கிய?"ன்னா.

அப்படியே உக்காந்துட்டேன். மெக்கானிக் நான். எனக்க பட்டறையில எவனாவது இப்படி எஞ்சின் கொண்டுவந்தா காதைப் பிடிச்சுத் திருகியிருப்பேன். அவ சொன்னதுக்குப் பொறவுதான் எல்லாத்தையும் முதல்ல இருந்து யோசிச்சுப் பாத்தேன். தூங்குனாலும் பக்கத்துல இருந்தா. தண்ணி குடிச்சிட்டு வந்து பக்கத்துலதான் இருந்தா. போன்லயும் பக்கத்துல. எல்லாத்துலயும் தோல்வி. அவ இல்லாத செர்பியாவுலயும் கொரியாவுலயும் ஜெயம். விசயம் வெளங்கிட்டு. நானும் அவளும் சேர்ந்து உக்காந்தா அந்த டீம் வெளங்காது. சுவிட்சர்லாண்டா? அது மறுவீடு, பாயாசம் குடிச்சிருந்தோம், அதை விட்டுருங்க.

இப்பம் புரியுதா எங்க போறேன்னு? நேத்து மாப்பிள்ளை கத்தார்ல இருந்து போன் பண்ணினான். "மாமா, பைனலுக்கு வீட்டுல போய் இருங்க. அம்மாவும் அவளும் மட்டும்தான் இருக்காவ"ன்னான். கள்ளமில்லாத பையன், தானே வலையில வந்து விழுதான். நான் போய் டிவிக்கு முன்னால உக்காருவேன். ஜெர்லின் இடது பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்து அர்ஜெண்டினாவுக்குக் கைதட்டுவோம். ஆமா, நான் கைதட்டுவேன், மனசாரத் தட்டுவேன். அர்ஜெண்டினா காலி. எப்படி?

தெக்கிளாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளையும் கூப்பிட்டேன், நான் எதுக்கு, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டா. சும்மா போகாதியன்னு அச்சுமுறுக்கு சுட்டுத் தந்து விட்டிருக்கா. பெரிய நெய்மீன் ஒண்ணு நானே ஏலத்துல நின்னு எடுத்தேன், ஐஸ் போட்டு அன்னா மேல வச்சிருக்கு. ஜெர்லினுக்கு அதுல நடுத்துண்டுதான் பிடிக்கும். தோக்கடிக்கப் போறவனுக்கு மீனு எதுக்குன்னு கேக்குதியளா? அது அது பாட்டுக்கு, இது இது பாட்டுக்கு.

என்னது? மறுபடியும் சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கல.

ம். அடுத்த உலகக்கோப்பைக்கா? பிரேசில் ஜெயிக்கணும்னா இனி நானும் அவளும் சேர்ந்து உக்காரக்கூடாதுல்லான்னு கேக்குதிய.

கணக்குப்படி அப்படித்தான் வருது தம்பி. நீங்க படிச்ச ஆளு, கரெக்டா அந்த எடத்துல கை வச்சிட்டிய. நான் அர்ஜெண்டினாவை நெனச்ச வேகத்துல அதை யோசிக்கல. அவ ஒரு வீட்டுல, நான் ஒரு வீட்டுல, தனித்தனியா டிவி. அப்பம் ஜெயிச்சிரும்னு சொல்லுதிய.

இன்னா, எனக்க எடம் வந்துட்டு. அந்த மஞ்சப் பையை எடுத்துத் தாங்க, பாத்து, மீன் தண்ணி சொட்டும். அங்க குடை பிடிச்சுக்கிட்டு நிக்கால்லா, அதுதான் எனக்க மவ. நான் வரவேண்டாம்னு சொல்லியும் பஸ்ஸுக்கு வந்து நிக்கா பாருங்க.

இல்ல தம்பி. அடுத்த தடவையும் அவ எனக்க பக்கத்துலதான் உக்காருவா. தோத்தா தோத்துட்டுப் போகட்டும். பிரேசிலுக்கு அஞ்சு கப்பு இருக்கு. எனக்கு மவ ஒண்ணுதான்.